ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினால் மருந்தாகிவிடுமா?

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு ‘ஜீரோ பாயிண்ட்’ பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆந்திராவின் கண்டலேறு அணையில் திறந்துவிடும் கிருஷ்ணா தண்ணீர், கால்வாய் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடம். 1996-ல் முதன்முதலாக அங்கே தண்ணீர் வந்தது. இன்றைக்கும் தண்ணீர் வரும்போதெல்லாம் விநாடிக்கு எத்தனை கன அடி என்று அளப்பார்கள். மறுநாள் பேப்பரிலும் வந்துவிடும். சரி, ‘ஐந்நூறு கன அடி வருது’ என்று படித்துவிட்டு, அந்தத் தண்ணீரை அப்படியே மொண்டு உங்கள் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். எவ்வளவு வருகிறது என்பது வேறு. அது குடிக்கிற தண்ணீரா என்பது வேறு.

விஞ்ஞானிகளுக்கும் இப்படி ஒரு அளவுகோல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பல பெற்றோரைக் குழப்புகிறார்கள். குறிப்பாக, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை.

இரண்டரை வயதாகியும் பையன் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கவலையோடு இருக்கிறீர்கள். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. லீவு போட்டு சென்னைக்கு அலைவது அத்தனை சுலபமில்லை. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் செல்போனில் ஒரு செய்தி அனுப்புகிறார்: ‘இந்த விஞ்ஞானி ஆட்டிசத்துக்குக் காரணமான புரதத்தையே கண்டுபிடித்துவிட்டார். முந்நூறு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். உலகம் பூரா இருபதாயிரம் பேர் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்!’ கூடவே ஒரு பவுடர் டப்பாவின் படமும் விலையும். மனசு தடுமாறுமா, மாறாதா?

முதலில் இந்த ‘மேற்கோள்’ கணக்கு என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, தனக்கு முன்னால் யார் யார் என்ன சொன்னார்கள் என்று கடைசியில் பட்டியல் போட்டாக வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு மேற்கோள். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1964-ல் இதைத் தொகுத்துப் புத்தகமாகவே வெளியிட ஆரம்பித்தார். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் ‘எச் இண்டெக்ஸ்’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஒருவர் எழுதியதில் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் இண்டெக்ஸ் 40. அவ்வளவுதான், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். உலகத்திலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? புரதம் பற்றியதுதான்! 1951-ல் ஆலிவர் லௌரி என்பவரும் அவர் குழுவினரும் எழுதியது. மூன்று லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள். ஏதோ தீராத நோய்க்கு மருந்து சொல்லியிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு செய்முறை, அவ்வளவே! சோதனைக்கூடங்களில் எல்லோருக்கும் அது தேவைப்பட்டது; எல்லோரும் பேரைப் போட்டார்கள். அது ஒன்றும் மகத்தான கட்டுரையில்லை என்று லௌரியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷர்.

நம்ம ஊர்க் கதை இதற்கு நேர் எதிர். ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம், மூன்று இழையாகப் பின்னிய கயிறு போல இருக்கிறது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் சொன்னார். ஆராய்ச்சிக்கான மாதிரி, பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. பிறகு 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் திரும்பவே முடியாது என்று வரைபடம் போட்டார். ‘ராமச்சந்திரன் பிளாட்’ என்று பெயர். இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் பாருங்கள், பேரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியும் என்பதால், மூலக் கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள். மேற்கோள் கணக்கை மட்டும் பார்த்தால் அவருடைய உயரம் முழுசாகத் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதுதான் பயங்கரம்.

1998 பிப்ரவரியில் ‘லான்செட்’ என்ற பிரபல மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற லண்டன் டாக்டர் தன் குழுவினரோடு ஒரு கட்டுரை எழுதினார். வெறும் 12 குழந்தைகள். அதை வைத்துக்கொண்டு, தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சந்தேகத்தைக் கிளப்பினார். பற்றிக்கொண்டது! பிரிட்டனில் தடுப்பூசி போடுகிறவர்கள் எண்ணிக்கை சரிந்தது, தட்டம்மை திரும்பி வந்தது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டத் தோண்ட, குளறுபடிகள் வெளியே வந்தன. 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்கியது. அதே வருஷம் வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வும், தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை என்றே சொன்னது.

அந்த வாபஸ் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் தெரியுமா? ஆயிரத்துக்கும் மேல்! அதில் பெரும்பாலானவை ‘இது தப்பு’ என்று சொல்வதற்காகவே காட்டப்பட்டவை. எண்ணிக்கையில் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கள் பேரோடு, சண்டை போட வந்தவர்கள் பேரையும் அதே நோட்டில் எழுதின மாதிரி!

நமக்கென்ன, அது சீமைக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் எத்தனை பெற்றோர் தயங்கினார்கள்! முகாம் நாட்களையே நீட்டிக்க வேண்டிவந்தது.

‘அப்போ இந்தப் புரத ஆராய்ச்சியெல்லாம் வீண்தானா?’ என்று கேட்காதீங்க. வீணே இல்லை. 1991-ல் ‘ஃப்ரஜைல் எக்ஸ்’ என்ற பரம்பரைக் குறைபாட்டுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு வேலை செய்யாவிட்டால் மூளையில் எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் உற்பத்தியாகாது. அந்தப் புரதம் ஒரு பிரேக் மாதிரி. நரம்புகள் சந்திக்கிற இடத்தில் மற்ற புரதங்கள் கண்டபடி தயாராகாமல் பார்த்துக்கொள்ளும். பிரேக் இல்லாவிட்டால் வண்டி என்ன ஆகும்? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நூற்றில் ஓரிருவருக்கு இதுதான் காரணம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிற தம்பதிக்கும், அம்மா வழிச் சொந்தங்களுக்கும் ரொம்ப உபயோகமான தகவல்.

சரி, மருந்து? 2004-ல் மார்க் பேர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சகாக்களும், அந்தப் பிரேக் போனதால் வரும் கோளாறை இன்னொரு வழியில் அடக்கலாம் என்று ஒரு கொள்கையை எழுதினார்கள். மேற்கோள் குவிந்தது, நியாயமாகவே குவிந்தது. எலிகளில் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி மருந்து தயாரித்து மனிதர்களிடம் சோதித்தது. பலன் தெரியவில்லை. 2014-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. எலிக்கும் உங்கள் பிள்ளைக்கும் நடுவே அத்தனை தூரம்!

இங்கேதான் பவுடர் வியாபாரி உள்ளே நுழைகிறார். ‘மூளையில் புரதம் குறைவு, ஆகவே புரத பவுடர் கொடுங்கள்’ என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் சாப்பிடுகிற பருப்போ, முட்டையோ, பவுடரோ வயிற்றில் போய் உடைந்து அமினோ அமிலங்களாகிவிடும். மூளை தனக்கு வேண்டிய புரதத்தைத் தன் மரபணுக்களில் உள்ள குறிப்பைப் பார்த்து, தானே செய்துகொள்ளும். குறிப்பிலேயே பிழை இருக்கும்போது கூடை கூடையாக மளிகை இறக்கினால் சமையல் சரியாகிவிடுமா?

வேறு சிலர் தலைகீழாகச் சொல்வார்கள்: ‘பால் புரதமும் கோதுமைப் புரதமும்தான் எதிரி, இரண்டையும் நிறுத்துங்க.’ இதற்கும் கட்டுரைகள் உண்டு, மேற்கோள்களும் உண்டு. ஆனால் இந்தப் பத்தியம் ஆட்டிசத்தைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. இதில் எனக்குக் கோபமே வருகிறது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் மூன்று நான்கு வகை உணவைத்தான் தொடுவார்கள். அதில் ஒன்று தயிர்சாதம். அதையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை எதைத்தான் சாப்பிடும்? எலும்புக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? பால் அலர்ஜி, கோதுமை ஒவ்வாமை நிஜமாகவே இருந்தால் சங்கதி வேறு. அதைக் குழந்தை டாக்டர் சோதித்துச் சொல்லட்டும்.

ஆக, யாராவது உங்களிடம் மேற்கோள் கணக்கை நீட்டினால் நீங்கள் கேட்க வேண்டியது: இது எலியிலா, குழந்தைகளிலா? குழந்தைகள் என்றால் எத்தனை பேர்? மருந்து கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா? வேறு ஊரில் வேறு டாக்டர்கள் செய்தபோதும் அதே பலன் வந்ததா? சொல்கிறவரே விற்கிறவராகவும் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், பர்ஸை உள்ளே வையுங்கள்.

அந்த நேரத்தையும் பணத்தையும் போட வேண்டிய இடம் வேறு. ஒன்றரை வயதில் சுட்டிக்காட்டவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, பேச்சு வரவில்லை என்றால், ‘ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்’ என்று பாட்டி சொல்வதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். ஊத்துக்கோட்டைவாசிகள் முதலில் திருவள்ளூரில் அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டுமானால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருப்பதால், சான்றிதழ் வாங்கிவைப்பதும் நல்லது. போகும்போது, பையன் வீட்டில் விளையாடுவதைச் செல்போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் அவன் அழுதுகொண்டே இருந்தால், டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.