ஒரு கை பாக்கி

செப்டம்பர் பாதி தாண்டியதும் பிரிட்டனில் பல வீடுகளில் ஒரு பை வெளியே வரும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ கிடந்த பை. உள்ளே பாதி பின்னிய கார்டிகன். முதுகுப் பகுதி தயார், முன்பக்கம் இரண்டும் தயார், ஒரு கையும் தயார். இன்னொரு கை முழங்கை வரை வந்து ஊசியிலேயே நிற்கும். எத்தனை ஆண்டாக நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. கார்டிகன் என்றால் கேமரன் மலைக்குப் போகும்போது எடுத்துவைப்பது, விமானத்தில் போர்த்திக்கொள்வது. என்னைப் போன்ற வானொலிக்காரர்களுக்கு ஒலிபரப்பு அறையின் குளிரூட்டியும் உண்டு. வெளியே 33 டிகிரி வெயில் அடிக்கும். உள்ளே நான் கம்பளிக்குள் சுருண்டபடி நேயர்களுக்குக் காலை வணக்கம் சொல்வேன். கிரிமியப் போரில் குதிரைப்படையை நடத்திய ஒரு பிரபுவின் பட்டப்பெயர்தான் இந்த உடைக்கு ஒட்டிக்கொண்டது என்பதே எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். அங்கோ இது கையால் பின்னுகிற பொருள். பின்னுவதற்கென்று ஒரு பருவமும் உண்டு.

பெரியவர்கள் அணியும் கார்டிகனுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நூல் பிடிக்கும். முடிவை நெருங்க நெருங்க அந்த எடை முழுவதும் மடியில் கிடக்கும். கோடையில் யார் அதைச் சுமப்பார்? அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதன்பிறகு மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூலையில் பாரமாக இருந்த அதே துணி அப்போது போர்வையாகிவிடுகிறது.

கம்பளி விழாக்களும் இந்தப் பருவத்தில்தான். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 2010இல் தொடங்கிய கம்பளி வாரம், செப்டம்பர் கடைசியில் வரும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக் நகரில் அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் செம்மறியாட்டுக் கம்பளித் திருவிழா. தன் கையால் புதிதாகப் பின்னியதை அணிந்துகொண்டு அங்கே போவது எழுதப்படாத சட்டம். தீபாவளிக்கு முந்திய இரவு ரவிக்கைக்காகத் தையல்காரர் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பரபரப்பு புரியும்.

ஏன் பாதியில் நிற்கிறது? சோம்பல் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிக்கல் கார்டிகனின் அமைப்பிலேயே இருக்கிறது. கழுத்தில் சுற்றும் துண்டு பின்னினால் முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை ஒரே வேலை. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். கார்டிகனில், பின்னல் முடிந்த பிறகுதான் அசல் வேலையே ஆரம்பம். துண்டுகளைக் கண்ணிக்குக் கண்ணி பார்த்துத் தைக்க வேண்டும். கையைத் தோளில் பொருத்த வேண்டும். தொங்கும் நூல்முனைகளை ஒவ்வொன்றாக உள்ளே ஒளித்துவைக்க வேண்டும். பிறகு பொத்தான் பட்டை. முன்விளிம்பில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கில் எடுப்பது வழக்கம். கூடிப்போனால் பட்டை அப்பளம்போல் நெளியும், குறைந்தால் முன்பக்கம் மேலே இழுத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, அளவு பார்த்துப் பரப்பி, குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். பின்னத் தெரிந்தவரைப் பார்த்து, ‘இனி நீ தையற்காரராக மாறு’ என்கிறது அந்த உடை.

இரண்டாவது கை வேறு கதை. முதல் கை செய்தி என்றால் இரண்டாவது மறுஒலிபரப்பு. பின்னுகிறவர்கள் இந்தக் கட்டத்துக்கு ‘கைத்தீவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் கரை தெரியாது.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் சிம்மர்மன், 1971இல் ‘கண்ணீரில்லாப் பின்னல்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். துண்டு துண்டாக வேண்டாம், குழாய்போல் வட்டமாகப் பின்னுங்கள், தையல் தொல்லை ஒழியும் என்பது அவர் கட்சி. ஷெட்லாந்துப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அப்படித்தான் செய்தார்கள். முழுக் குழாயாகப் பின்னிவிட்டு, நடுவில் கத்தரிக்கோலால் வெட்டி முன்பக்கத்தைத் திறப்பார்கள். அந்தத் தீவு ஆடுகளின் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்பவை. வெட்டினாலும் சட்டென்று பிரியாது. பார்க்கும் நமக்குத்தான் வயிறு கலங்கும்.

பழைய பையைத் திறந்ததும் ஊசியைத் தொடக்கூடாது என்கிறார்கள் அனுபவசாலிகள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சியின் புழுக்களுக்குக் கம்பளி விருந்து. சந்தேகம் இருந்தால் பையோடு கட்டி, இரண்டு வாரம் உறைபெட்டியில் வைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஊசியில் நின்ற கண்ணிகள் இழுபட்டுத் தடம் விழுந்திருக்கும். ஓரிரு வரிசையைப் பிரித்துத் திரும்பப் பின்னினால் சரியாகும். நூல் தீர்ந்துபோயிருந்தால் அதே நிறம் கடையில் கிடைக்கலாம், அதே சாயத் தொகுதி கிடைக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்ணில் அடிக்கும். அதனால் புதிய நூலைப் பொத்தான் பட்டைக்கோ கழுத்துக்கோ ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

முடிப்பதுதான் வெற்றி என்று நான் நினைக்கவில்லை. கைக்குழந்தைக்காகத் தொடங்கியது, குழந்தை இடைநிலைப் பள்ளிக்குப் போனபிறகு யாருக்கு? நூலைப் பிரித்தெடுத்து உருண்டையாகச் சுற்றினால் அது மறுபடி வெறும் நூல்; குற்றவுணர்ச்சி எதற்கு? ஆங்கிலத்தில் இதற்குத் தவளையின் பெயர் சொல்கிறார்கள். ‘பிரி, பிரி’ என்பதை அந்த மொழியில் ‘ரிப் இட், ரிப் இட்’ என்று சொல்லிப் பாருங்கள். தவளைச் சத்தம் கேட்கும்.

ஆனால் தொடங்கியவரே இல்லாமல் போனால் அப்படிப் பிரித்துவிட மனம் வராது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிஃபர் சிமோனிக், மேசி கப்லன் என்ற இரு தோழிகள் இதற்காகவே 2022இல் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொங்கும் நூல்முனை என்பது அதன் பொருள். இறந்தவரோ, உடல் முடியாமல் போனவரோ பாதியில் விட்ட கைவேலையை, அதே வேலை தெரிந்த தன்னார்வலரிடம் சேர்த்துவைக்கிறார்கள். கூலி கிடையாது. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய அம்மாவின் பின்னலை முன்பின் தெரியாத ஒருவர் மடியில் வைத்து முடிக்கிறார்.

எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பை இருந்தது. பெரியம்மா 1971இல் ஈப்போவிலிருந்து தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர். அந்தக் காலத்தில் மலேசியாவிலிருந்து அப்படிப் போன பெண்கள் பலர். விடுதியில் உடன் தங்கியவர்கள் சொல்லிக்கொடுத்துப் பின்னப் பழகினார். கடைசியில் பெரியப்பாவுக்காகக் கரும்பச்சையில் ஒரு கார்டிகன் தொடங்கினார். முடிக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, போன அக்டோபரில் நான் லீட்ஸ் போயிருந்தபோதுதான் அக்கா அந்தப் பையைத் திறந்தார். உள்ளூர் நூலகத்தில் கூடும் பின்னல் குழுவிலிருந்து ஓர் அம்மையார் உதவ வந்திருந்தார்.

அவர் முதலில் கேட்டது பெரியப்பாவின் மார்பளவு. பெரியப்பா இப்போது பாதியாக இளைத்துவிட்டார். பிரித்துச் சின்னதாகப் பின்னித் தர முடியும் என்றார் அந்த அம்மையார்.

“வேண்டாம்மா,” என்று பெரியப்பா அக்காவிடம் சொன்னார். “உள்ளே இன்னொரு சட்டை போட்டுக்கிறேன்.”

அடுத்த சிக்கல், முடிந்த கையின் நீளம் வடிவத்தாளில் அச்சிட்டிருந்த அளவோடு ஒத்துவரவில்லை. தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தாளின் ஓரத்தில் வரிசைகளை எண்ணிய பென்சில் கோடுகள், அதற்குக் கீழே பெரியம்மாவின் கையெழுத்து. அக்கா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் வாங்கிப் படித்தேன்: ‘இவருக்குக் கை ஒரு இஞ்ச் கூட.’

அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மையார் தலையாட்டி, தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு 4 மில்லிமீட்டர் ஊசியில் ஒரு சிறு துண்டு பின்னிப் பார்த்தார். அவர் கை இறுக்கம், பெரியம்மாவுடையது தளர்வு. 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறிய பிறகுதான் கண்ணிகள் பொருந்தின. அப்படியும் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. சொன்னால்தான் தெரியும்.

நவம்பர் நடுவில் வேலை முடிந்தது. பெரியப்பா அதைப் போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படத்தை அக்கா அனுப்பினார். முன்பக்கம் திறந்தே கிடந்தது. பொத்தான் துளை ஆறு. பெரியம்மாவின் டப்பாவில் ஒரே மாதிரிப் பொத்தான் ஐந்துதான் இருந்ததாம். கடையில் ஒரு புது ஜோடி வாங்கலாம் என்கிறார் அக்கா. டப்பாவை இன்னொரு தடவை கொட்டிப் பார்க்கச் சொல்கிறார் பெரியப்பா.