நம்ம விண்ணப்பம் இப்போ யார் கையில் இருக்கு?



போன மாதக் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் எழுந்து, "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எல்லாம் தானா போற மாதிரி செஞ்சிருக்கீங்களாமே, இனிமே எங்க கடனை மெஷின்தான் பாஸ் பண்ணுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. வேறு சில குழுக்களிலும் இதே சந்தேகம் இருப்பதாகத் தெரிகிறது. அதனால்தான் இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம். மெஷின் கடனைப் பாஸ் பண்ணாது. அது என்ன பண்ணும், எதை அதனிடம் விடக்கூடாது, நாங்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

மாடு கைமாறிப் போன கதை

நம் உறுப்பினர் ஒருவர் கறவை மாடு வாங்க 40,000 ரூபாய் கடன் கேட்டார். குழுவில் பேசி, தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பிரதிநிதி கையோடு கொண்டுவந்து ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் 23 நாள் ஒரு தகவலும் இல்லை. மாட்டுக்காரர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை, வேறு ஊருக்கு விற்றுவிட்டார். கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கவே அந்த அக்கா நாலு நடை நடந்தார்.

என்னதான் ஆச்சு என்று பார்த்தால், கணக்காளர் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். விண்ணப்பம் பீரோவில் இருந்தது, சாவி அவரிடம். செயலாளர், "தலைவர் கைக்குப் போயிருக்கும்" என்று நினைத்துக் கொண்டிருந்தார். தலைவரோ, "கணக்காளர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை போல" என்று இருந்துவிட்டார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காகிதம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு வழி இல்லை, அவ்வளவுதான். அந்த அக்கா கூட்டத்தில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே?" எங்களிடம் பதில் இல்லை.

சிலிண்டர் புக் பண்ணுவது போல

தானாக நகரும் வேலை என்பது நமக்குப் புதுசு இல்லை. காஸ் சிலிண்டருக்குப் போனில் புக் பண்ணுகிறோம். உடனே புக்கிங் நம்பர் எஸ்.எம்.எஸ். வருகிறது. பில் போட்டதும் இன்னொன்று வருகிறது. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி நம் போனுக்கு வந்த குறியீட்டு எண்ணைக் கேட்கிறார். இதற்காக ஏஜென்ஸியில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி டைப் அடிப்பதில்லை. "இது நடந்தால் அதைச் செய்" என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய ஏற்பாடாக இருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றுதான். ஒன்று நடக்கிறது: விண்ணப்பம் பதிவாகிறது. ஒரு நிபந்தனை பார்க்கப்படுகிறது: தொகை 50,000-க்கு மேலா, கீழா? அதற்குத் தக்கபடி ஒரு வேலை நடக்கிறது: கடன் துணைக்குழுவுக்குத் தகவல் போகிறது, அல்லது செயற்குழுவுக்குப் போகிறது. "ஐந்து நாளாகியும் பார்க்கவில்லை என்றால் ஞாபகப்படுத்து" என்பதும் இதே கணக்குதான். அங்கே நடந்தது என்பது 'நாள் கடந்தது'.

முன்பெல்லாம் இப்படி ஒன்று செய்ய கம்ப்யூட்டர் படித்த இன்ஜினியரை வைத்துப் பக்கம் பக்கமாகக் கட்டளை எழுத வேண்டும். அந்தக் கட்டளை எழுத்துக்குத்தான் கோட் என்று பெயர். இப்போது கட்டங்களை இழுத்து வைத்து, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்து, மிகக் குறைந்த கோட் எழுதியே செய்யும்படியான மென்பொருள்கள் வந்துவிட்டன. இவற்றை 'லோ-கோட்' என்கிறார்கள். சென்னையிலும் தென்காசிப் பக்கமும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் 'கிரியேட்டர்' 2006-லேயே வந்தது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் 'ஃப்ளோ' என்று கொண்டுவந்ததை 2019-ல் 'பவர் ஆட்டோமேட்' என்று பெயர் மாற்றியது. 'ஆப்ஷீட்' என்பதை 2020-ல் கூகுள் வாங்கியது. நாங்கள் எதைப் பயன்படுத்துகிறோம் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான். பணம் கட்டி வாங்கும்போது பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். அதனால் உள்ளே நுழைந்து வேலை பார்க்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ண வேண்டும். நமக்கு ஐந்து பேர் போதும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் ஜார்க்கண்டில் ராம்கர், மகாராஷ்டிரத்தில் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றியது. அது சேமிப்பையும் கடனையும் பதிவு செய்யும் வேலை. நாம் இங்கே பேசுவது பதிவு பற்றி அல்ல. ஒருவர் கையில் இருந்து அடுத்தவர் கைக்கு வேலை எப்படிப் போகிறது என்பது பற்றி.

முதலில் சார்ட் பேப்பர்

உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தரையில் சார்ட் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். ஒரு புளியங்கொட்டையை விண்ணப்பம் என்று வைத்துக் கொண்டு, குழுவில் இருந்து கிளம்பி வங்கிக்குப் போகும் வரை அதை நகர்த்திப் பார்த்தோம். ஒவ்வொரு கையிலும் நிறுத்தி நாலு கேள்வி கேட்டோம். இவர் என்ன பார்க்கிறார்? எத்தனை நாளில் பார்க்கணும்? இவர் ஊரில் இல்லை என்றால் யார்? இவர் 'வேண்டாம்' என்றால் காகிதம் எங்கே திரும்பிப் போகும்?

புளியங்கொட்டை ஒன்பது கை மாறியது! அதில் சேமிப்பு பாக்கி இருக்கிறதா என்பதை மட்டும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துக் கொண்டிருந்தோம். இரண்டை எடுத்துவிட்டோம். இதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

நாலாவது கேள்விக்குத்தான் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. 'சரி' என்றால் காகிதம் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். 'வேண்டாம்' என்றால் அது எங்கேயும் போகாது, அப்படியே கிடக்கும். உறுப்பினருக்குத் தெருக்குழாயடியில்தான் சேதி தெரியும், அதுவும் காது மூக்கு வைத்து. மாட்டுக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எனவே ஒரு விதி போட்டோம். நிராகரிப்பவர் காரணம் எழுதியே ஆக வேண்டும். காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஐந்து நாளில் யாரும் பார்க்கவில்லை என்றால் அவருக்கு மாற்றாக நாம் எழுதிக் கொடுத்த ஆளுக்குத் தகவல் போகும். பீரோ சாவி பிரச்சினை அதோடு தீர்ந்தது. முதலில் ஒரு வேலைக்கு மட்டும், அதாவது கூட்டமைப்புக் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும் ஆரம்பித்தோம். சந்தா, காப்பீடு, பயிற்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நிறுத்தியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் தப்புகள் வரிசையாக வந்தன.

நாங்கள் செய்த தப்புகள்

முதல் தப்பு சிரிப்பானது. "பதிவு மாறினால் தகவல் அனுப்பு" என்று வைத்துவிட்டோம். கணக்காளர் ஒரு பெயரில் ஒற்றெழுத்தைத் திருத்தினார், கதவு எண்ணைத் திருத்தினார். ஒவ்வொரு திருத்தமும் கம்ப்யூட்டருக்கு மாற்றம்தானே. ஒரே சாயங்காலத்தில் ஒரு ஊக்குநருக்கு 11 தகவல் போனது. அவர் பயந்து போய் ஆட்டோ பிடித்து ஆபீஸுக்கே வந்துவிட்டார். இப்போது 'நிலை' என்ற ஒரு கட்டம் மாறினால் மட்டும்தான் தகவல் போகும்.

இரண்டாவது தப்புக்குச் சிரிக்க முடியாது. கடன் முடிவானதும் உறுப்பினரின் போனுக்கே நேரே செய்தி போகும்படி வைத்திருந்தோம். நல்ல வசதி என்று நினைத்தோம். ஆனால் உறுப்பினர் கொடுத்திருந்த எண் பல வீடுகளில் கணவருடையது அல்லது மகனுடையது. ஒரு அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கேட்ட கடன், அவருக்குத் தெரியும் முன்பே வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. பணம் குழுக் கணக்குக்கு வருவதற்குள் வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு செலவு முடிவாகிவிட்டது. அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. பீரோவில் ஃபைல் கிடந்த காலத்தில்கூட இப்படி ஒரு ரகசியம் வெளியே போனதில்லை.

அன்றைக்கே அதை நிறுத்தினோம். இப்போது முடிவு பற்றிய தகவல் ஊக்குநருக்கு மட்டும் போகும். அவர் உறுப்பினரிடம் நேரில் சொல்வார். யாருக்குத் தன் சொந்தப் போனில் வேண்டுமோ அவர்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் அங்கே போகும். எஸ்.எம்.எஸ். அனுப்புவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018 ஒழுங்குமுறைப்படி, அமைப்புகள் மொத்தமாகச் செய்தி அனுப்ப வேண்டுமானால் அனுப்புபவர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஊக்குநருக்கு மட்டும் இமெயிலில் போவதால் அந்த அலைச்சலும் மிச்சம். உறுப்பினர்களின் சொந்த விவரங்களைக் காப்பதற்கென்றே 2023-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டு விஷயம் யார் காதில் விழணும் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்?

மூன்றாவது, எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்த தம்பி தன் சொந்த ஜிமெயில் கணக்கில் செய்திருந்தார். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. நல்ல பையன், போன் பண்ணினால் எடுப்பார். ஆனால் அவர் பாஸ்வேர்டை மாற்றிய அன்று நம் வேலை மொத்தமும் நின்றது. எந்த மென்பொருளிலும் இந்த ஓட்டம் யாரோ ஒருவருடைய கணக்கின் பேரில்தான் ஓடும். அது கூட்டமைப்பின் பெயரில் உள்ள கணக்காக இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறும்போது வங்கியில் கையெழுத்து மாற்றுகிறோம் அல்லவா, அதே நாளில் இதையும் மாற்ற வேண்டும்.

மெஷினிடம் விடாதது

தவணை தாமதமானால் கம்ப்யூட்டரே அபராதம் போட்டுவிடட்டும் என்று ஒரு யோசனை வந்தது. செய்வது சுலபம், ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். சோதித்துப் பார்த்தபோது வந்த பட்டியலில் ஒரு உறுப்பினர் பெயர் இருந்தது. அவர் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். இரண்டு தவணை தள்ளி வைக்கலாம் என்று அவர் குழு தீர்மானமே போட்டிருந்தது. தீர்மானப் புத்தகத்தில் இருப்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அபராதம் வேண்டாம் என்று அந்த யோசனையைக் கைவிட்டோம்.

இப்போது இருக்கும் ஏற்பாடு இதுதான்: கணக்குப் போடுவது, ஞாபகப்படுத்துவது, எங்கே நிற்கிறது என்று காட்டுவது, இவை கம்ப்யூட்டர் வேலை. கடன் கொடுப்பது, மறுப்பது, அபராதம் போடுவது, தள்ளி வைப்பது நம் வேலை. கூட்டத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து, கையெழுத்துப் போட்டுச் செய்ய வேண்டியவை அவை. தீர்மானப் புத்தகத்தையும் யாரும் பரணில் போட்டுவிடாதீர்கள். கரண்டும் டவரும் இல்லாத நாளில் அதுதான் ஓடும். தணிக்கையில் கேட்பதும் அதைத்தான்.

இப்போது விண்ணப்பம் கொடுத்ததும் ஒரு எண் தருகிறோம். பிரதிநிதி ஆபீஸுக்குப் போன் பண்ணி அந்த எண்ணைச் சொன்னால் யார் கையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவோம். தாமதமே இல்லை என்று சொல்ல மாட்டோம். போன வாரம்கூட ஒன்று எட்டு நாள் நின்றது. நின்றது தலைவரிடம், அவரே கூட்டத்தில் ஒப்புக் கொண்டார்.

மாடு போன அக்கா மறுபடி விண்ணப்பித்திருக்கிறார், இந்தத் தடவை இரண்டு வெள்ளாட்டுக்கு. இதை எழுதும்போது அது கடன் துணைக்குழுவில், மூன்றாவது நாளாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள் உங்கள் குழு உறுப்பினர்களின் போன் எண் பட்டியலை எடுத்து வாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்தப் போன் வீட்டில் யார் கையில் இருக்கிறது என்பதையும், உறுப்பினரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாருங்கள்.