சீறும் குட்டிப் பாம்பு சாந்தமாவது எப்படி? அமெரிக்க வீடுகளில் நடக்கும் பொறுமைப் பரீட்சை!

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால், மனிதனின் ஒற்றைக் கையைக் கண்டு நடுங்கும் பாம்பும் உண்டு. அதன் பெயர் பால் பைத்தான். நாம் குடிக்கும் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும் என்பதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் இது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த விஷமற்ற மலைப்பாம்புதான் இன்று அமெரிக்க வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று.

'ரொம்ப சாது' என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் பிள்ளைக்காகக் குட்டியை வாங்கி வருகிறார்கள். மறுநாள் பெட்டிக்குள் கையை விட்டால், கழுத்தை 'எஸ்' வடிவத்தில் வளைத்து, 'புஸ்' என்று சீறி, ஒரு கொத்து! பிள்ளை அலற, பெற்றோர் பதற, 'இது முரட்டுப் பாம்பு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்த வீட்டில் மிகவும் பயந்துபோயிருப்பது அந்தப் பாம்புதான்.

ஏன் இவ்வளவு கோபம்?

தாய்ப் பாம்பு சுமார் இரண்டு மாதங்கள் முட்டைகளைச் சுற்றிப் படுத்துக் காக்கும். குட்டிகள் வெளியே வந்ததும் அதன் கடமை முடிந்தது. ஓர் அடி ஸ்கேலைவிடச் சற்று நீளமான குட்டி, அன்றிலிருந்து தனி ஆள். பருந்து முதல் பாலூட்டிகள் வரை பலவற்றுக்கும் அது இரை. மேலிருந்து இறங்கும் பெரிய உருவம் எதுவானாலும் எமன் என்பதே அதற்குத் தெரிந்த பாடம். நம் கையும் மேலிருந்துதான் இறங்குகிறது.

வளர்ந்த பாம்புக்கு உடல் பலம் இருக்கிறது. குட்டிக்கு இருப்பது சீற்றம் மட்டுமே. அதனால்தான் பல இனங்களில் பெரிய பாம்புகளைவிடக் குட்டிகளே அதிகம் கொத்துகின்றன.

முதல் வாரம்... கை வைக்காதீர்கள்!

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் சொல்லும் முதல் விதி, சும்மா இருப்பது. புதுக் குட்டியை ஒரு வாரமாவது தொடுவதில்லை. தண்ணீர் மாற்றுவதோடு சரி. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவும், மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் உடம்பை ஒட்டினாற்போல் இறுக்கமான மறைவிடம் வேண்டும். ஒளிய இடமில்லாத பாம்பு எப்போதும் சண்டைக்குத் தயாராகவே இருக்கும். சில வேளை ஒழுங்காக இரை எடுத்த பிறகே அடுத்த கட்டம்.

கையா... எலியா?

பால் பைத்தானின் மேல் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலி வாசனையோடு வெதுவெதுப்பான ஒன்று அருகில் வந்தால், அதன் கணக்கில் அது சாப்பாடு. எனவே இரையை இடுக்கியால்தான் கொடுக்கிறார்கள். பாம்பைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள்.

தூக்கும் நாள்களில், சுருட்டிய காகிதத்தாலோ பாம்புக் கொக்கியாலோ உடம்பின் நடுப்பகுதியை மெல்லத் தொடுகிறார்கள். 'இப்போது சாப்பாட்டு நேரமில்லை' என்பதற்கான சமிக்ஞை அது. பழகப் பழகப் பாம்புக்கு வித்தியாசம் புரிகிறது.

பிறகு பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய், உடம்பின் நடுவே அடியில் தாங்கித் தூக்க வேண்டும். தலையைப் பிடிக்கவே கூடாது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். இரை எடுத்த 48 மணி நேரத்துக்குள் தூக்கினால் கக்கிவிடக்கூடும். கண்கள் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். சரியாகப் பார்வை தெரியாத அந்த நாள்களிலும் தொடக் கூடாது.

கடித்துவிட்டால்?

பயத்தில் கொத்தினால் உடனே விட்டுவிடும். குண்டூசி குத்தியதுபோல் சில புள்ளிகள் இருக்கும். இரை என்று நினைத்தால் கவ்விக்கொண்டு சுற்றிக்கொள்ளும். அப்போது வெடுக்கென்று இழுத்தால், உள்நோக்கி வளைந்த பற்கள் நம் தோலையும் கிழிக்கும், பாம்பின் வாயையும் காயப்படுத்தும். அசையாமல் இருந்து, அது விட்டதும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும்.

ஊர்வன வழியே சால்மோனெல்லா கிருமி பரவலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இவற்றைத் தொடவே வேண்டாம் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

பாசம் வருமா?

வாரங்கள், சில குட்டிகளுக்கு மாதங்கள்கூட ஆகலாம். ஒரு நாள் அது சீறாது. நாக்கை நிதானமாக நீட்டியபடி விரல்களுக்கிடையே ஊர்ந்து போகும். 'என்னை அடையாளம் கண்டுகொண்டது' என்று பிள்ளைகள் பூரிப்பார்கள். ஆனால், நாயிடம் காணும் பாசத்தைப் பாம்பிடம் எதிர்பார்க்க முடியாது. இந்தக் கை தன்னைத் தின்னாது என்று அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவே. அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதற்குத்தான் இத்தனை பொறுமையும்.

பொறுமையும் கொஞ்ச காலத்துக்கானது இல்லை. பால் பைத்தான் வீட்டில் 20, 30 ஆண்டுகள் வாழும். செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961-ல் ஒருவர் கொடுத்த பால் பைத்தான், 60 வயதைக் கடந்து 2020-ல் முட்டையிட்டது! பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமான பிறகும் இருக்கும்.

நம் ஊரில்?

2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. இந்த ஆசைக்குப் பின்னால் இருக்கும் கடத்தலுக்கு அது ஓர் உதாரணம். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, மேலே சொன்னவை எல்லாம் விஷமற்ற வளர்ப்புப் பாம்புக்கு மட்டுமே. நல்ல பாம்புக் குட்டிக்கும் கண்ணாடி விரியன் குட்டிக்கும் பிறக்கும்போதே விஷம் உண்டு. வீட்டுக்குள் குட்டிப் பாம்பு வந்தால் கிட்டப் போகாமல் விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அதுவும் பயந்துபோய்தான் இருக்கும்.