மூவுருளி ஊர்தியும் சட்டமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் விளையும் அம்மலையில், விளைபொருள்கள் சந்தைக்குச் செல்லவேண்டும். மக்களும் ஊர்விட்டு ஊர் செல்லவேண்டும். அன்னாசி ஏற்றிய மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ ஒன்று மலையூர்ச் சாலையில் செல்வதாகக் கொள்க. அன்னாசிக்கு உரியவர் ஓட்டுநரருகே அமர்ந்திருக்கிறார். வழியில் நிற்கும் முதியவர் ஒருவர், "தம்பி, என்னையும் ஏற்றிக்கொள்" என்கிறார். ஓட்டுநர் இரக்கங்கொண்டு ஏற்றிக்கொள்கிறார். அவ்வண்டி கவிழ்ந்தால் என்னாகும்? அதற்கு விடை, சட்டம் அவ்வண்டியை எவ்வினத்தில் வைத்துள்ளது என்பதைப் பொறுத்தது.

சக்கரம் மூன்றாயின் வண்டி ஒரே வகை என எண்ணுதல் இயல்பு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமோ சக்கரங்களை மட்டும் எண்ணி அமைவதில்லை. வண்டியின் அமைப்பையும் பயனையும் நோக்குகின்றது. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில், கழற்றத்தக்க பெட்டியொன்றைத் தனிச்சக்கரத்துடன் பூட்டினால் மூன்று சக்கரங்கள் உருளும். ஆயினும் சட்டத்தின்படி அது மோட்டார் சைக்கிளே! வாடகைக்கு ஆளேற்றும் ஆட்டோவோ, ஓட்டுநர் நீங்கலாக அறுவருக்கு மேற்படாது ஏற்றும் 'மோட்டார் கேப்' என்னும் இனத்தைச் சார்ந்தது. மாற்றுத்திறனாளி ஒருவர்க்கென்றே அமைந்த வண்டி பிறிதோர் இனம்.

மின்கலத்தால் ஓடும் ரிக்‌ஷாக்களின் கதை சுவையானது. அவை தில்லித் தெருக்களில் பல்கிப் பெருகிய பின்னரும், இன்ன இனம் என்னும் தெளிவு சட்டத்தில் இல்லை. 2014இல் தில்லி உயர்நீதிமன்றம் அவற்றின் ஓட்டத்தைத் தடுத்தது. 2015இல் சட்டம் திருத்தப்பட்டு, மூன்று சக்கரமும் 4000 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய மின்கல வண்டிகளுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டது. வண்டி முந்திக்கொள்ள, சட்டம் பின்னரே வந்து சேர்ந்தது.

இனி, மலைச்சாலை வண்டிக்கு வருவோம். அது சரக்கு வண்டி. சரக்கிற்கு உரியவரோ அவர்தம் பிரதிநிதியோ அதில் உடன்சென்றால், அவர்க்கும் காப்பீடு உண்டு என 1994இன் திருத்தம் கூறுகின்றது. சரக்கின்றி இலவசமாக ஏறிச்செல்பவர்க்கு இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆகவே, அன்னாசிக்கு உரியவர் காப்பீட்டிற்கு உட்பட்டவர். அவரை ஒட்டி அமர்ந்த முதியவரோ அதற்குப் புறம்பானவர். முதியவர்க்குரிய இழப்பீட்டுச் சுமை வண்டிக்காரர் தலைமேல் விழும். அவரிடமுள்ள சொத்து அவ்வண்டி ஒன்றே எனின், முதியவரின் குடும்பம் பெறுவது மிகச் சிறிதாகவே இருக்கும்.