லூபஸ்: மூளையும் மனமும் பாதிக்கப்படும்போது

லூபஸ் என்றதும் கன்னத்தில் படரும் சிவந்த தடிப்பு, மூட்டுவலி, முடி உதிர்தல், சிறுநீரகக் கோளாறு ஆகியவையே நினைவுக்கு வரும். இதே நோய் மூளையையும் நரம்புகளையும் தாக்கக்கூடும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. லூபஸ் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளைப்பேற்று வயதில் இருப்பவர்கள். அப்படியொரு பெண் திடீரெனப் பிதற்றினாலோ, எல்லாரும் தனக்கு எதிராகப் பேசுகிறார்கள் என்று அஞ்சினாலோ, பிடிவாதம், நடிப்பு, காத்துக் கருப்பு என்று முடிவு கட்டி மந்திரிக்க அழைத்துச் செல்வதில் நாட்கள் வீணாகின்றன. முதலில் தேட வேண்டியது உடலில் உள்ள காரணத்தை.

என்னென்ன பாதிப்புகள் வரலாம்?

அமெரிக்க வாதநோயியல் கல்லூரி 1999இல் இத்தகைய பாதிப்புகளை 19 வகையாகப் பிரித்தது. அவற்றில் 12 மூளை, தண்டுவடம் சார்ந்தவை; 7 புற நரம்புகள் சார்ந்தவை. வலிப்பு, பக்கவாதம், குழப்பநிலை, மனச்சிதைவு போன்ற அறிகுறிகள், மனச்சோர்வு, பதற்றம், கைகால் மரத்துப்போதல் ஆகியவை இதில் அடங்கும். அதிகம் கவனிக்கப்படாதது மறதி. அடுப்பில் பால் வைத்ததை மறப்பது, பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் திணறுவது, கணக்குப் பார்க்க முடியாமல் போவது போன்றவற்றைச் சோம்பல் என்று ஒதுக்கக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிரணுக்கள் லூபஸில் சொந்த உடலையே தாக்குகின்றன. மூளைக்கு இது இரு வழிகளில் கேடாகிறது. ஆன்டிபாஸ்போலிபிட் எனும் எதிரணுக்கள் இரத்தத்தை உறையச் செய்து, இளம் வயதிலேயே பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். அழற்சியால் மூளையின் பாதுகாப்புத் தடுப்பு பலவீனப்படும்போது, வேறு எதிரணுக்கள் உள்ளே புகுந்து நரம்பணுக்களின் வேலையைக் குலைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் லூபஸ்தான் காரணமா?

இல்லை. மூளைக்காய்ச்சல், சிறுநீரகச் செயலிழப்பு, மிகை இரத்த அழுத்தம், சோடியம் குறைவு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்கும் ஆபத்தும் உண்டு.

லூபஸுக்குத் தரப்படும் ஸ்டெராய்டு மாத்திரையும் மனநிலையை மாற்றலாம். 1972இல் பாஸ்டன் ஆய்வுக் குழு வெளியிட்ட ஆய்வில், பல்வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் பிரெட்னிசோன் எனும் ஸ்டெராய்டைப் பெற்றவர்களிடம் மனநலப் பாதிப்பு கணக்கிடப்பட்டது. நாளொன்றுக்கு 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் அது ஏற்பட்டிருந்தது.

காரணத்தைப் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. லூபஸ் அழற்சி என்றால் ஸ்டெராய்டைக் கூட்ட வேண்டும். ஸ்டெராய்டின் விளைவு என்றால் குறைக்க வேண்டும். தொற்று என்றால் முதலில் கிருமியை ஒழிக்க வேண்டும். இதை ஒரே பரிசோதனையில் உறுதிசெய்ய முடியாது. இரத்தம், சிறுநீர், எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., முதுகுத்தண்டு நீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதற்காக நோயே இல்லை என்று எண்ண வேண்டாம்.

சிகிச்சை

கடுமையான அழற்சிக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் எனும் ஸ்டெராய்டு ஊசியும், தேவைப்பட்டால் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்சிமாபும் தரப்படும். இரத்த உறைவு என்றால் வார்ஃபரின் போன்ற மருந்துகள். வலிப்புக்கும் மனநலப் பாதிப்புக்கும் தனி மருந்துகள் உண்டு. மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாதநோய் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் மூவரும் கலந்து பேசினால்தான் சிகிச்சை முழுமையாகும்.

குடும்பத்தார் கவனத்துக்கு

வலிப்பு, வாய் கோணுதல், ஒருபக்கம் செயலிழத்தல், திடீர்ப் பார்வைக் குறைவு, இதுவரை வராத கடும் தலைவலி, காய்ச்சலுடன் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108ஐ அழையுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

ஸ்டெராய்டை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. லூபஸுக்காக மருத்துவர் தந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், அதற்கான கண் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். ஆன்டிபாஸ்போலிபிட் எதிரணுக்கள் உள்ள பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது. அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் உள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்த உறைவைத் தூண்டலாம்.

மருந்துச் சீட்டுகளை ஒரே கோப்பில் வையுங்கள். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், எந்த மருத்துவரைப் பார்த்தாலும், முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘இவருக்கு லூபஸ் இருக்கிறது.’ சரியான திசையில் சிகிச்சை தொடங்க அந்தத் தகவல் பேருதவியாக இருக்கும்.