மோட்டார் வண்டிச் சக்கரமும் இடைத்தட்டும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அகத்தியர் மலையின் மேலைச் சரிவில் அமைந்த ஊர் போனக்காடு. ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய தேயிலைத் தோட்டமும், அதனைச் சார்ந்து தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வூரின் அடையாளமாகும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு நடந்து ஏறுவோரும் இங்கிருந்தே புறப்படுகின்றனர். விதுராவைக் கடந்து காட்டினூடே ஏறும் இதன் வழி போன்ற மலைப்பாதைகளில், தோட்ட அலுவலரும் வனத்துறையினரும் ஆசிரியரும் ஜீப்பு போன்ற உயரமான வண்டிகளையே நம்பியுள்ளனர். வண்டி சாய்ந்துவிடுமோ என்னும் அச்சம் இத்தகைய பாதையில் இயல்பானதே. அவ்வச்சத்திற்கு மருந்தாகப் பட்டறைகளில் பரிந்துரைக்கப்படும் பொருள்களுள் ஒன்று, சக்கரத்திற்கும் அதன் குடத்திற்கும் இடையே பொருத்தப்படும் வட்டமான உலோகத் தட்டு. 'வீல் ஸ்பேசர்' என வழங்கும் இதனை இக்கட்டுரையில் இடைத்தட்டு எனக் குறிப்போம்.

இடைத்தட்டு சக்கரத்தை வெளிப்புறமாகத் தள்ளி வைக்கிறது. அதனால் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடைப்பட்ட அகலம் கூடுகிறது. அகலமான டயர் உட்புறத்தில் வில்லிலோ ஸ்டியரிங் தண்டிலோ உராயும்போதும் இதனைப் பயன்படுத்துவதுண்டு. தோற்றப் பொலிவுக்காகவே பொருத்துவோரும் உளர். அவர்களைப் பற்றி இங்கு ஆராய வேண்டுவதில்லை.

அகலம் கூடினால் வண்டியின் நிலைப்பு கூடும் என்பது உண்மையே. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்சி வண்டியில் முன்சக்கரங்களின் இடையகலம் 1,210 மி.மீ.; பின்சக்கரங்களுக்கு 1,220 மி.மீ. 1993-இல் உற்பத்தியாளரே இவ்விரண்டையும் 90 மி.மீ. கூட்டி, முறையே 1,300, 1,310 மி.மீ. ஆக்கினர். வெளியே வந்த சக்கரங்களை மூடுமாறு மட்காப்புகளும் அகலமாக்கப்பட்டன. தொழிற்சாலை அகலத்தை வேண்டியபோது அதனை வடிவமைப்பின் ஓர் உறுப்பாகவே செய்தது. இருந்த குடத்தின்மேல் ஒரு தட்டினை ஒட்டவைத்து முடித்துக்கொள்ளவில்லை. இவ்வேறுபாடே இப்பொருளின் உயிர்நாடி.

தட்டினால் கிடைக்கும் நன்மை எவ்வளவு எனக் கணக்கிடலாம். இடையகலம் 1,300 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையினின்று 650 மி.மீ. உயரத்தில் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்க. வில்களும் டயர்களும் நெகிழ்வதைப் புறக்கணித்தால், அது 45 பாகை சாய்ந்த நிலையில் கவிழும். பக்கத்திற்கு 25 மி.மீ. கனமுள்ள தட்டுகளைப் பொருத்தினால் இடையகலம் 1,350 மி.மீ. ஆகும், கவிழும் கோணம் 46 பாகையைச் சற்றே தாண்டும். ஆதாயம் ஒரு பாகை அளவே. ஆட்களுடன் 1,300 கிலோகிராம் எடையுள்ள அவ்வண்டியின் கூரையில், தரையினின்று 1.8 மீட்டர் உயரத்தில், 30 கிலோகிராம் சுமையை ஏற்றினால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 25 மி.மீ. உயர்ந்து, அந்த ஒரு பாகையும் மறைந்துவிடும். கூரைமேல் வைத்த சாக்கு மூட்டையைக் கீழே இறக்கி வைப்பது செலவில்லாத வழி என்பது இதனால் விளங்கும். வகுப்பில் ஒரு மரப்பலகையைச் சாய்த்து, அதன்மேல் பொம்மை வண்டியைக் குறுக்காக நிறுத்தி, கூரையில் சிறு கல்லை வைத்தும் எடுத்தும் இதனை மாணவர்க்குக் காட்டலாம்.

ஆதாயம் இத்துணைச் சிறிதாயினும் அதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. ஒரு சக்கரத்தின்மேல் 350 கிலோகிராம் சுமை இருக்குமாயின், 25 மி.மீ. வெளித்தள்ளுதல் குடத்தின் பேரிங்குகளில் ஏறத்தாழ 8.75 கிலோகிராம்-மீட்டர் வளைதிறனை மிகுதியாகச் சேர்க்கிறது. குழியில் விழுந்தெழும் கணத்தில் இது பன்மடங்காகும். மேலும், சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தொலைவு மாறுகிறது. அத்தொலைவு மிகுந்தால், ஒரு சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டியரிங் வளையம் கையில் உதைக்கும்; இரு பக்கப் பிரேக்குகளும் சமமாகப் பிடிக்காதபோது வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் மிகும்.

இனி, சக்கரத்தைக் குடத்தோடு பிடித்து நிறுத்துவது யாது என்பதைக் காண வேண்டும். குடத்தினின்று நீண்டுள்ள ஸ்டட் எனப்படும் முளைகளே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன எனப் பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. நட்டை முறுக்கும்போது முளை மிகச் சிறிது நீள்கிறது. நீண்ட முளை வில்லைப் போலச் சுருங்க முயன்று, சக்கரத்தைக் குடத்தின் முகத்தோடு அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் எழும் உராய்வே சக்கரத்தை நழுவாமல் காக்கிறது. 12 மி.மீ. விட்டமுள்ள முளையின் நட்டை 10 கிலோகிராம்-மீட்டர் முறுக்குத்திறனில் இறுக்கினால், ஒவ்வொரு முளையிலும் சுமார் 4 டன் இழுவிசை தோன்றும். ஐந்து முளைகளுக்கு 20 டன். உராய்வுக் கெழு 0.15 எனக் கொண்டால், நழுவலைத் தடுக்கும் விசை 3 டன். சக்கரத்தின் பாரமோ ஒரு டன்னில் பாதிகூட இல்லை.

இவ்வளவு வலிய பிடிப்பை உண்டாக்கும் முளையின் நீட்சி எவ்வளவு? 20 மி.மீ. நீளம் இழுபடும் முளையில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. தட்டின் முகத்தில் உள்ள பெயின்ட் படலமோ, குடத்தில் எஞ்சிய துருவோ அத்துணை அளவு நசுங்கிவிட்டால் போதும்; நீட்சி முழுதும் தளர்ந்து, பிடிப்பு அற்றுப்போகும். பிறகு சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அணுவளவு அசைந்து முளைகளை வளைத்து வளைத்து நிமிர்த்தும். களைப்புற்ற உருக்கு முறியும்போது முன்னறிவிப்பு மிகக் குறைவு. இடைத்தட்டு, ஒரே ஒரு தொடுமுகம் இருந்த இடத்தில் இரண்டினை உண்டாக்குகிறது என்பதே அதனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதன் காரணம்.

இடைத்தட்டுகள் இரு வகைப்படும். ஒன்று, பழைய முளைகளின்மேல் வெறுமனே கோத்து விடப்படும் மெல்லிய தட்டு. மற்றொன்று, பழைய முளைகளால் குடத்தோடு இறுக்கப்பட்டு, சக்கரத்திற்கெனத் தன்னிடத்தே புதிய முளைகளைக் கொண்ட தடித்த தட்டு. முதல் வகை முளையின் நீளத்தை விழுங்குகிறது. 5 மி.மீ. தட்டு, 1.25 மி.மீ. புரியிடை உள்ள முளையில் நான்கு புரிகளைப் பறித்துவிடும். நட்டுக்குள் ஏறும் புரியின் நீளம் முளையின் விட்டத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது நெடுநாள் பட்டறை விதி, 12 மி.மீ. முளையில் இது ஏறத்தாழப் பத்துச் சுற்றுகள். கையால் நட்டைத் திருகிச் சுற்றுகளை எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும். எண்ணிக்கை குறைந்தால், நீண்ட முளைகளைக் குடத்தில் மாற்றிய பின்னரே அத்தட்டினைக் கருதலாம்.

இரண்டாம் வகையில் வேறொரு பொறி உண்டு. பழைய முளைகளின் நுனி தட்டின் வெளிமுகத்திற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், சக்கரம் தட்டின்மேல் அமராமல் அந்நுனிகளின்மேல் அமரும். நட்டு இறுகியதுபோலவே தோன்றும். ஆனால் பிடிப்பு இராது. ஒரு நேர்கோலைத் தட்டின் முகத்தில் வைத்துப் பார்த்தால் இது வெளிப்படும். நட்டுகள் தட்டினுள் புதைய வேண்டுமாதலால், இவ்வகையில் மிக மெல்லியனவற்றை நம்பலாகாது.

தட்டின் நடுத்துளை குடத்தின் மையப்பகுதியில் தளர்வின்றி அமைய வேண்டும். வெளிமுகத்தில் சக்கரத்தின் நடுத்துளைக்கேற்ற விளிம்பும் வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்பிலும் ஜிப்சியிலும் ஐந்து முளைகள் ஒரே விட்டமுள்ள வட்டத்தில், அதாவது 139.7 மி.மீ. வட்டத்தில், அமைந்துள்ளன. ஆகவே ஒன்றன் உதிரிப்பொருள் மற்றொன்றில் நுழையும். நுழைவதும் பொருந்துவதும் ஒன்றல்ல. ஜிப்சியின் முளை 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரியிடையும் கொண்டது, வில்லிஸின் முளை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., புரியிடை 1.27 மி.மீ. அரை அங்குல நட்டு ஜிப்சி முளையில் கையாலேயே எளிதாக ஏறும். புரிகளின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பற்றும். பாரம் வந்ததும் அவை மழுங்கி உரிந்துவிடும். பழைய வில்லிஸ் வண்டிகளின் இடப்பக்கச் சக்கரங்களில் இடம்புரி முளைகள் இருந்தமையும் நினைவிற்குரியது. அங்கு வலம்புரி முளையுள்ள தட்டு சேர்ந்தால், பழக்கத்தால் திருகும் கை இறுக்குவதாக எண்ணித் தளர்த்திவிடும்.

தட்டு உருக்காகவோ, அடித்து உருவாக்கிய அலுமினியக் கலவையாகவோ இருத்தல் நன்று. வார்ப்பு அலுமினியம் வேண்டா. இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், வாஷர்களைத் தட்டுக்குப் பதிலாகக் கோப்பதும் ஒருபோதும் கூடாதவை.

பொருத்தும் முன் சட்டநிலையையும் அறிதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-இல் இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள் கொண்டது. அரசு வண்டியாயினும் தோட்ட வண்டியாயினும், தட்டு வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே முறை. டயர் உராய்வதே குறையாயின், உற்பத்தியாளர் குறித்த அளவுள்ள டயருக்குத் திரும்புவது அக்குறையை அடியோடு நீக்கும்.

பொருத்தும் வேலை, சமதரையில் வண்டியை நிறுத்தி மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதில் தொடங்குகிறது. குடத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடுமளவு தேய்க்க வேண்டும். மேற்கு மலைத்தொடரின் மழையில் அலுமினியமும் உருக்கும் ஒன்றோடொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும்; ஆதலின் நடுவிளிம்பில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவலாம். தொடுமுகத்திலும் புரியிலும் கிரீஸ் படலாகாது. எண்ணெய் பட்ட புரி, அதே முறுக்குத்திறனில் முளையை அளவுக்கு மீறி இழுத்துவிடும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணைகளில், வண்டிக்குரிய கையேடு கூறும் அளவுக்கு, டார்க் ரெஞ்சு கொண்டே இறுக்க வேண்டும். நீண்ட குழாயை ஸ்பானரில் செருகிக் காலால் மிதிப்பதில் அளவென்பதே இல்லை. பின்னர் சக்கரத்தைச் சுற்றி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயர் எங்கும் உராயாமையைப் பார்க்க வேண்டும். வண்டி முழுச் சுமையுடன் இருக்கும்போதும் இதனை மீண்டும் பார்த்தல் வேண்டும்.

முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுமுறை இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. இரண்டாம் வகைத் தட்டாயின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே புதைந்த நட்டுகளையும் பார்க்க வேண்டும். இறுதி இறுக்கத்திற்குப் பின் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்தின்மேல் செல்லுமாறு வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடலாம். விதுராவில் தேநீருக்காக வண்டி நிற்கும்போது, மலையேறும் முன் கோடுகளை ஒருமுறை நோக்கினால், எந்த நட்டு திரும்பியுள்ளது என்பது ஸ்பானரை எடுக்காமலேயே தெரிந்துவிடும்.