மாமல்லபுரத்தில் ஒரு மின்னல்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கண்களை நம்பித்தான் போகிறார்கள். காதுக்கு அங்கே கடலோசையும் உளியோசையும் உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் 1,300 வருஷங்களுக்கு முன்னால் பல்லவ நாட்டுச் சிற்பிகள் பாறையிலே வடித்து வைத்ததைக் கண்ணால் அல்லாமல் வேறு எதனால் அனுபவிப்பது? அப்பேர்ப்பட்ட ஊரிலேதான் என் வலது கண் என்னைக் கைவிடப் பார்த்தது. நேயர்களில் யாருக்கேனும் என்றைக்காவது உபயோகப்படலாம் என்ற எண்ணத்தினால் அந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் தங்குவதாக மாமல்லபுரம் சென்றிருந்தேன். முதல் நாள் மாலை, அர்ச்சுனன் தபசு என்று ஜனங்கள் சொல்லும் பெரும் பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்று, தவக்கோலம் பூண்ட பூனையையும், அதை நம்பி அருகில் வந்த எலிகளையும் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பொழுது வலது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டியது.

"மழை வரும் போலிருக்கிறதே!" என்றேன்.

"வானத்தில் மேகமே இல்லையே, அப்பா!" என்றாள் என் பெண்.

சற்று நேரத்துக்கெல்லாம் கண்ணெதிரே சிறு பூச்சிகள் பறப்பதுபோல் கரும்புள்ளிகள் தோன்றின. கையை வீசி விரட்டினேன், போகவில்லை. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் கூடவே வந்தன. வலி கொஞ்சமும் இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவும் இல்லை.

தங்கியிருந்த விடுதியில் இதைச் சொன்னதும் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. "மெட்ராஸ் ஐ" என்றார் ஒருவர். உஷ்ணம் என்று தீர்மானித்து, உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார் மற்றொருவர். "ராத்திரி கண் விழித்துப் பரீட்சைக் காகிதம் திருத்தினீர்கள் அல்லவா?" என்றார் மூன்றாமவர். எனக்கு இந்த மூன்றாவது அபிப்பிராயமே பிடித்திருந்தது. அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. குழந்தைகள் ஐந்து ரதங்களை இன்னும் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ஆனால் விளக்கை அணைத்த பிறகு, அந்த இருட்டில், மின்னல் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

விடியற்காலையில் கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். விமானங்கள் இரண்டும் தெரிந்தன. ஆனால் அவற்றின்மேல் யாரோ கரித்தூளைத் தூவியதுபோல் இருந்தது. என் முகம் மாறியதை மனைவி கவனித்துவிட்டாள்.

"ரதங்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கின்றன, நாம் திரும்பி வரும் வரையில் நிற்காமலா போய்விடும்? உங்கள் கண் அப்படி நிற்குமா? கிளம்புங்கள்!" என்றாள். அதற்குமேல் தர்க்கம் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

உள்ளூர் வைத்தியர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வெளியில் கண் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே பார்க்க வேண்டும். இன்றைக்கே பட்டணத்துக்குப் போங்கள்" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 55 கிலோ மீட்டர். வழியெல்லாம் கடல் கூடவே வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

சென்னையில் கண் வைத்தியர் மருந்து விட்டுப் பாவையை விரியச் செய்து வெகு நேரம் பரிசோதித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். விழியின் உட்புறத்தில் விழித்திரை என்ற மெல்லிய சவ்வு படிந்திருக்கிறது. அதன் முன்னால் பாகு போன்ற பதார்த்தம் நிரம்பியிருக்கிறது. வயது ஏற ஏற அந்தப் பாகு இளகிச் சுருங்கி விலகுகிறது. விலகும்போது திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த பாஷை ஒளி ஒன்றுதான். ஆகையால் அது மின்னலாகக் கூச்சலிடுகிறது. இப்படித் திடீரென்று மின்னலும் புள்ளிகளும் கண்டவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத் திரை கிழிந்திருக்கும். என்னைப்போல் கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு அபாயம் அதிகம். கிழிசலின் வழியே நீர் புகுந்தால் திரை சுவரைவிட்டுக் கழன்றுவிடும். ஒரு கறுப்புத் திரைச்சீலை இறங்குவதுபோல் பார்வை மறையும்.

"உமக்குக் கிழிந்திருக்கிறது. கழலவில்லை. நல்ல வேளை, இன்றைக்கே வந்தீர்!" என்றார்.

லேஸர் ஒளியால் கிழிசலைச் சுற்றி வேலி போட்டதுபோல் சூடு வைத்தார். அரை மணிக்குள் முடிந்துவிட்டது. அந்தத் தழும்பு இறுகச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்றும், அதுவரையில் பாரம் தூக்கலாகாது, ஓடலாகாது என்றும் சொல்லி அனுப்பினார்.

நூறு வருஷங்களுக்குச் சற்று முன்பு வரையில் திரை கழன்றால் குருடு என்பதுதான் உலகெங்கும் விதியாக இருந்தது. கிழிசலே காரணம் என்று கண்டு, அதைச் சூட்டினால் மூடலாம் என்று 1920-களில் நிரூபித்துக் காட்டியவர் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஜூல் கோனின். 1945-ஆம் வருஷத்துச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த ஒரு மாணவனின் விழித்திரை வெந்து தழும்பேறியதைக் கண்டார், ஜெர்மானிய வைத்தியர் மேயர்-ஷ்விக்கெராத். கெடுதல் செய்த ஒளியையே மருந்தாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. அந்த யோசனையின் சந்ததிதான் இன்றைய லேஸர் சிகிச்சை.

நம் நாடும் இவ்விஷயத்தில் பின்தங்கியதன்று. சென்னையில் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி ஏற்பட்டது 1819-இல். உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் புகழை இன்று உலகம் அறியும். ஆகவே நமக்குக் குறைவு வைத்தியர்களிடத்தில் இல்லை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற நம் வழக்கத்தில்தான் இருக்கிறது. வலித்தால் ஓடுகிறோம், வலிக்காவிட்டால் காத்திருக்கிறோம். கண்ணப்பர் கதையைக் கேட்டு உருகுகிற நாம், நம்முடைய கண் கொடுக்கும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாமா? திடீர் மின்னல், புதிய கரும்புள்ளிகள், ஓரத்தில் இறங்கும் நிழல் - இவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போய்விட வேண்டும்.

பங்குனியில் குழந்தைகளுடன் மறுபடியும் மாமல்லபுரம் போனேன். ஐந்து ரதங்களையும் ஆற அமரப் பார்த்தோம். இரண்டொரு புள்ளிகள் இன்னமும் கண்ணெதிரே மிதக்கின்றன. அவை நிரந்தரக் குடிகள், பயமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடைசியில் தபசுப் பாறையின் முன்னால் வந்து நின்றேன். பூனை அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் இருந்த எலிகளை என் பெண் எண்ணச் சொன்னாள். வலது கண்ணால் மட்டும் பார்த்து எண்ணினேன், ஒன்றும் தப்பவில்லை.